மேல் பெட்டியை வைத்துக்கொள், கீழ்ப் பெட்டியைத் தட்டிப் பார்: பழைய கிச்சன் கேபினெட்டுக்கு மறுவேலை

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மலேசியாவின் கெடா மாநிலத்தில் எங்கள் பாடாங் செராய்த் தாமான் (வீடமைப்புப் பகுதி) சந்துகளில் இந்தக் காட்சி தொடங்கிவிடும். வாசலில் பழைய கிச்சன் கேபினெட்டைக் கழற்றி அடுக்கியிருப்பார்கள். உள்ளே புது அலுமினிய கேபினெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருப்பார்கள். கெடாவில் அது மழைக்காலம் வேறு. இரண்டு நாள் நனைந்தால் பழையது அத்தோடு சரி.

அந்தக் குவியலில் சிலவற்றை வீசவே வேண்டியதில்லை. சிலவற்றை வீட்டுக்குள் மறுபடி விடவே கூடாது. எது எந்த வகை என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் சுலபம். நான் தச்சர் இல்லை. கூலிமில் ஷிப்ட் வேலை, ஓய்வு நாளில் கையில் டிரில். நான்கைந்து பெட்டிகளைக் கெடுத்து, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காப்பாற்றிய அனுபவத்தில் எழுதுகிறேன். திருகாணியே பிடித்துப் பழகாதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

கையில் இருப்பது என்ன?

தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பல குடும்பங்களில் கிச்சன் அமைப்பு ஒரே மாதிரிதான். கீழே சிமெண்ட் மேடை, மேலே டைல்ஸ். மேடைக்கு அடியில் பெட்டியே இருக்காது, ஒரு மரச் சட்டமும் கதவும் மட்டும் இருக்கும். உண்மையான பெட்டிகள் சுவரில் மாட்டிய மேல் கேபினெட்டுகள்தாம். அதனால் முதலில் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பாருங்கள். சிமெண்ட் மேடையாக இருந்தால் அதை உடைக்கப் போகாதீர்கள். கதவை மட்டும் கழற்றினால் போதும்.

அடுத்தது பலகை என்ன வகை என்று பார்ப்பது. வெளியே ஒட்டிய வெள்ளைத் தோலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவின் கீலைக் கழற்றினால் கதவில் 35 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டக் குழி இருக்கும். அதன் ஓரம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ரொட்டித் தூளை அழுத்திவைத்தது போல இருந்தால் சிப்போர்ட். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ஒரே ஓட்டமாக நார் ஓடினால் அசல் மரம். 80களிலும் 90களிலும் செய்த கேபினெட்டுகளில் சிவப்பும் பழுப்பும் கலந்த கதவு இருந்தால் அது பெரும்பாலும் நியாத்தோ என்ற மரம். வெளிர் மஞ்சளாக, கோடு அதிகம் இல்லாமல் இருந்தால் ரப்பர் மரமாக இருக்கலாம். பால் வற்றி, 25, 30 வருடத்தில் வெட்டிச் சாய்க்கும் மரம் ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போனது. 80களுக்குப் பிறகுதான் அது மேசை நாற்காலியாகப் பெரிய அளவில் ஏற்றுமதியானது. எங்கள் அப்பா பால் வெட்டிய மரத்தின் பங்காளி எங்கள் கிச்சன் கதவாக வந்து தொங்கியிருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ரப்பர் மரம் வீட்டுக்குள் நன்றாக உழைக்கும். வெளியே ஈரத்தில் வைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடித்து நீலமாகி, பிறகு உளுத்துப் போகும்.

என் கணக்கில் மதிப்பு வரிசை இதுதான்: முதலில் அசல் மரக் கதவுகள், அடுத்து மேல் பெட்டிகள், கடைசியில் கீழ்ப் பெட்டிகள். சிங்குக்கு அடியில் இருந்த பெட்டியை நான் தொடுவதே இல்லை.

தட்டிப் பார்க்கும் சோதனை

சிப்போர்ட் தண்ணீர் குடித்தால் ஊதும். ஊதியது காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, அங்கே திருகாணியும் பிடிக்காது. ஒரு ஸ்கேல் எடுத்துப் பக்கப் பலகையின் கனத்தை மேலே ஒரு முறை, அடியில் ஒரு முறை அளந்து பாருங்கள். மேலே 16 மில்லி, கீழே 19, 20 என்று வந்தால் அந்த ஊதிய பகுதி முடிந்த கதை. அடி மட்டும் ஊதியிருந்தால் அந்த நான்கு அங்குலத்தை அறுத்துவிட்டு மீதியைக் குட்டை அலமாரியாக்கலாம்.

பிறகு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் எல்லாப் பலகையையும் தட்டுங்கள். ‘டொக்’ என்று அடைத்த சத்தம் வந்தால் நல்லது. பப்பாளிக் குழலைத் தட்டியது போல வெறுமையாகக் கேட்டால் கூர்முனையால் குத்திப் பாருங்கள். மண் கோடு ஓடியிருந்தால் அது தரையிலிருந்து ஏறும் கரையான். இந்தப் பக்கத்துத் தாமான்கள் பல ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்தவை. மண்ணுக்குள் பழைய வேரும் அடிக்கட்டையும் கிடந்தால் கரையானுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

ஆனால் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது வேறு கரையான். அடுத்த சந்தில் ஒருவர் வீசிய கேபினெட்டை ஆசையாகத் தூக்கி வந்து தட்டிப் பார்க்காமல் படுக்கையறையில் வைத்துவிட்டேன். அம்மா தினமும் கூட்டும்போது, “தம்பி, இந்த மூலையில மட்டும் எங்கேயிருந்துடா மணல் வருது?” என்று கேட்பார். நானும் ஜன்னலைச் சாத்தினேன். மூன்று வருடம் கழித்துப் பக்கத்து மரக் கட்டிலின் காலடியிலும் அதே மணல். குனிந்து பார்த்தால் அது மணலே இல்லை, கசகசா போன்ற குருணை. உலர்மரக் கரையானின் எச்சம். அதற்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். மரத்துக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, மரச் சாமானோடு வீடு மாறும். கட்டிலும் போனது, கேபினெட்டும் போனது.

ஆகவே நினைவில் வையுங்கள்: கசகசா போலக் கொட்டினால் கரையான், பவுடர் பூசியது போல நைஸ் மாவாகக் கொட்டினால் உளுப்பூச்சி. சந்தேகம் இருந்தால் பெட்டியை ஒரு வாரம் அஞ்சடியில் (வீட்டு வாசல் நடையில்) கறுப்பு பிளாஸ்டிக்கின் மேல் நிறுத்துங்கள். பிளாஸ்டிக்கில் எதுவும் கொட்டாவிட்டால் உள்ளே கொண்டுவரலாம். கொட்டினால், வாசலோடு வழியனுப்புங்கள்.

கழற்றுவது

இரண்டு பேர் வேண்டும். இதில் வீரம் வேண்டாம். 80 சென்டிமீட்டர் அகலமுள்ள வெறும் மேல் பெட்டியே கதவோடு 18, 20 கிலோ வரும், அதுவும் தலைக்கு மேலே.

முதலில் கேஸ் தோம்பை மூடி வெளியே எடுத்துவிடுங்கள். சிங்கைத் தொடுவதாக இருந்தால் தண்ணீர் வால்வை அடையுங்கள். கேபினெட்டுக்குள் பிளக் பாயிண்ட் இருந்தால் மெயின் சுவிட்சை இறக்குங்கள். பழைய வீட்டில் மேல் கேபினெட் சீலிங்கை ஒட்டி நின்றால் கவனம். அந்தச் சீலிங் ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கலாம். அதை உடைக்கவோ அறுக்கவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

பிறகு கதவுகள். கீலின் பின்பக்கத்தில் கிளிப் இருந்தால் அழுத்தினாலே கழன்றுவிடும், இல்லையென்றால் இரண்டு திருகாணி. கழற்றும்போதே கதவிலும் பெட்டியிலும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ‘ஞாபகம் இருக்கும்’ என்று விட்டால் இருக்காது. திருகாணி, கீல், தட்டு தாங்கும் குட்டி ஊசி எல்லாம் ஒரே மைலோ டின்னுக்குள் போகட்டும்.

தட்டுகளை உருவியபின் பெட்டிக்குள் பாருங்கள். பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துப் பூட்டிய போல்ட்டுகள் இருக்கும். அவற்றை எடுத்து, சுவரோடு ஒட்டிய சிலிக்கோனைப் பிளேடால் கீறி, ஒருவர் அடியில் தோள் கொடுக்க, மற்றவர் சுவர்த் திருகாணியைக் கழற்ற வேண்டும். கடைசித் திருகாணி வரும் முன் “அண்ணே, வருது” என்று ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.

எண்ணெய், மஞ்சள், கருவாட்டு வாசம்

நம் கிச்சன் கேபினெட்டின் மேல்தலையில் படிந்திருப்பது வெறும் தூசி இல்லை. பல வருடத்துத் தாளிப்பு. பிசின் போல ஒட்டும். முதலில் பழைய தேய்ந்த கார்டால் சுரண்டி எடுங்கள். அதன்பின் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பைப்பைத் திறந்து கழுவினால், சிப்போர்ட்டுக்கு நீங்களே சமாதி கட்டுகிறீர்கள்.

மஞ்சள் கறைக்கு எந்த ரசாயனமும் தேவையில்லை. மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். துடைத்த கதவை இரண்டு நாள் காலை வெயிலில் சாய்த்து வையுங்கள், மீதி வேலையைச் சூரியன் பார்க்கும். கருவாடு, பெலாச்சான் வைத்த பெட்டி என்றால் கதவைத் திறந்துபோட்டு, உள்ளே ஒரு தட்டில் காய்ந்த கோப்பித் தூளோ கரித்துண்டோ ஒரு வாரம் வையுங்கள். கீல் மூலையிலும் பின்தகட்டின் இடுக்கிலும் கறுப்பு உளுந்து போல ஒட்டியிருப்பவை கரப்பான் முட்டைப் பைகள். கத்தி முனையால் நெம்பி எடுத்து நசுக்கிவிடுங்கள். விட்டால் அவையும் உங்களோடு ஹாலுக்குக் குடிவரும்.

முதல் வேலை: செருப்பு அலமாரி

புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. கொஞ்சம் கோணலாக வந்தாலும் செருப்பு கோபித்துக்கொள்ளாது. மேல் கேபினெட்டின் ஆழம் 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். ஓர் ஆளின் சப்பாத்து அதில் கச்சிதமாக அடங்கும். வெளியே கிடக்கும் சப்பாத்துக்குள் பூரானும் தேளும் குடியிருக்கும் ஊரில் கதவுள்ள அலமாரி ஆடம்பரம் இல்லை.

72 சென்டிமீட்டர் உயரப் பெட்டி என்றால், மேல் கீழ்ப் பலகையின் 16 மில்லி கனத்தைக் கழித்தால் உள்ளே 688 மில்லி. மூன்று தட்டு போட்டால் அவற்றின் கனம் 48 மில்லி. மீதி 640-ஐ நான்காகப் பிரித்தால் தட்டுக்கு 16 சென்டிமீட்டர் இடைவெளி. 80 சென்டிமீட்டர் அகலத்தில் தட்டுக்கு நான்கு ஜோடி, மொத்தம் 16 ஜோடி. தொழிற்சாலை சேஃப்டி ஷூவும் நுழையும். மழை பூட்ஸ் நுழையாது, அதற்கு வெளியே ஒரு வாளி போதும். கூடுதல் தட்டுகளுக்குக் கீழ்ப் பெட்டியில் ஊதாமல் தப்பிய பலகையை அறுத்துக்கொள்ளலாம்.

அறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள், வெளியே வைத்து அறுங்கள். சிப்போர்ட் தூளில் பசையும் கலந்திருக்கிறது. அறுத்த விளிம்பை அப்படியே விடாதீர்கள். வெள்ளை மரப்பசையைத் தண்ணீர் கலந்து இரண்டு தடவை பூசினால் ஈரம் உள்ளே போவது குறையும். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டும் விளிம்பு நாடா கிடைத்தால் இன்னும் நல்லது.

பின்தகட்டில் மேலே மூன்று, கீழே மூன்று துளை போட்டு, உள்ளேயிருந்து கொசுவலைத் துண்டை ஒட்டுங்கள். காற்று போனால்தான் நாற்றம் போகும்.

இப்போது கால். இதைத்தான் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். கேபினெட்டை நேரே தரையில் வைத்தால் அஞ்சடியைக் கழுவும் ஒவ்வொரு முறையும் அது தண்ணீர் குடிக்கும். ஹார்ட்வேர் கடையில் திருகி ஏற்றி இறக்கும் பிளாஸ்டிக் கால் கிடைக்கும். குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். துடைப்பமும் நுழையும், கரையான் மண் கோடு போட்டு ஏறினாலும் கண்ணில் படும். கடைசியாகப் பெட்டியின் மேல்பகுதியை ஓர் எல் வடிவ இரும்பால் சுவரோடு பிணையுங்கள். குழந்தைகள் தட்டைப் பிடித்து ஏறுவார்கள். பெட்டி சாயும்.

சுவரில் மாட்டும் எந்த வேலைக்கும் ஒரு சொல். சுவரின் வெளிப்பூச்சு மட்டுமே 15, 20 மில்லி இருக்கும். அதற்குப் பிடிமானம் கிடையாது. 8 மில்லி வால் பிளக், 60 மில்லிக்குக் குறையாத திருகாணி, செங்கல் வரை துளை. சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் ஓடும். பழைய பலகைச் சுவர் வீடு என்றால் வெறும் பலகையில் மாட்டாமல், பின்னால் ஓடும் சட்டத்தைத் தட்டிக் கண்டுபிடித்து அதில் மாட்டுங்கள்.

இரண்டாவது: படுக்கவைத்தால் திண்ணை

எனக்கு மிகப் பிடித்த வேலை இது. மேல் கேபினெட்டை முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவையுங்கள். 30 சென்டிமீட்டர் ஆழம் இப்போது உயரமாகிவிட்டது. அடிச் சட்டமும் காலும் சேர்ந்து 12 சென்டிமீட்டர் என்றால் 42. அகலம் 72, சம்மணம் போட்டு உட்காரத் தாராளம். இரண்டு பெட்டியைச் சேர்த்து வைத்தால் மத்தியானத்தில் ஒரு தாத்தா கண்ணயரலாம். கதவுகள் மூடியாக மாறிவிடும், உள்ளே பாய், தலையணை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்.

ஆனால் அப்படியே உட்கார்ந்தால் உடையும். மூன்று இடத்தைப் பலப்படுத்த வேண்டும். முதுகுத் தகடு வெறும் 3 மில்லிதான், அது இப்போது அடிப்பலகை. அதன்மேல் 9 மில்லி பிளைவுட் வெட்டிப் போடுங்கள். காலைத் தகட்டில் திருகாதீர்கள். இரண்டுக்கு இரண்டு அங்குல மரச் சட்டம் இரண்டை நீளவாக்கில் அடியில் ஓடவிட்டு, கனமான பக்கப் பலகையோடு பிணைத்து, அந்தச் சட்டத்தில் காலை மாட்டுங்கள். மூன்றாவது, உள்ளே இருந்த தட்டு இப்போது செங்குத்தாக நிற்கிறது அல்லவா? அதை ஊசியில் விடாமல் திருகாணியால் இறுக்கினால் மூடிக்கு நடுவில் முட்டுக் கிடைத்துவிடும். தட்டு பெட்டியைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். அந்த இடைவெளிக்கு ஒரு ரீப்பர் துண்டை மேலே ஒட்டுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டதால்தான் என் முதல் திண்ணையில் உட்கார்ந்த மாமா உள்ளே போனார்.

சாமி அலமாரி?

அழகான மேல் கேபினெட், கண்ணாடிக் கதவு வேறு. சுத்தமாகத் தேய்த்து சாமிப் படம் வைக்கலாம் என்று எண்ணினேன். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: “கருவாடு வச்ச பெட்டியில முருகனை வைப்பியா?” வாதாடிப் பயனில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சமையல் வாசமே படாத பெட்டியாக இருந்தாலும், உள்ளே விளக்கு ஏற்றாதீர்கள், சிப்போர்ட்டும் வார்னிஷும் தீப்பிடிக்கும். அந்தக் கேபினெட் இப்போது பிள்ளையின் தமிழ்ப்பள்ளிப் புத்தக அலமாரி. புத்தகக் கனத்துக்கு 80 சென்டிமீட்டர் தட்டு நடுவில் தொய்யும், நடுவில் ஒரு முட்டுப் பலகை வையுங்கள்.

மீதிச் சில்லறை

டிராயர்களுக்கு அடியில் நான்கு சக்கரம் மாட்டினால் கட்டிலுக்கு அடியில் துணி வைக்கும் பெட்டி. நியாத்தோ கதவு சிறியது என்றால் நான்கு ஓரமும் உருட்டித் தேய்த்து, அடியில் இரண்டு கட்டை வைத்தால் மணை. நெத்திலி கிள்ள அம்மா உட்காருவது அதில்தான். பின்கட்டு அடுப்படியில் கீழ்ப் பெட்டியை அடுப்பு மேசையாக்குபவர்கள் தோம்பை உள்ளே வைத்து மூடிவிடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் அடியில்தான் தேங்கும். தோம்பு வெளியே காற்றோட்டமாக இருக்கட்டும்.

சிங்கைப் பூந்தொட்டியாக்கினால் தண்ணீர் போகும் துளையை அடைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். உங்கள் வளாகத்தில் கொசுப்புழுவைக் கண்டுபிடித்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு.

திருகாணி ஓட்டை தளர்ந்துவிட்டதா? சாத்தே குச்சியை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் அடித்து, மட்டமாக உடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி திருகுங்கள். மரத்தில் புதுசு போலப் பிடிக்கும், சிப்போர்ட்டில் ஓரளவு பிடிக்கும்.

பெயிண்ட்

சிப்போர்ட்டின் வெள்ளைத் தோலான மெலமைன் மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் நகத்தால் உரியும். 180 எண் மணல்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, தூசி துடைத்து, வழுக்கும் பரப்பில் ஒட்டும் பிரைமர் ஒரு பூச்சு, பிறகு மெல்லிய இரண்டு பூச்சு. நியாத்தோவுக்குப் பெயிண்ட் அடிப்பது எனக்கு மனசு வராது. பழைய வார்னிஷைத் தேய்த்து எடுத்து, 120, 180, 240 என்று தாளை மாற்றிக்கொண்டே போய், தெளிந்த வார்னிஷ் போடுங்கள். மழைக்காலத்தில் ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு முழு நாள் விடுங்கள். எங்கள் பக்கம் ஜனவரி, பிப்ரவரி வெயில்தான் இந்த வேலைக்கு நல்ல நேரம். தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அடித்த கதவுகள் இன்னும் கையில் பிசுபிசுக்கின்றன.

தேறாதவை

ஊதிய பலகையையும் கரையான் அரித்ததையும் லயத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திய பழக்கம் நமக்கு உண்டு. இனி வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்திருக்கிறது. மெலமைன் புகையைப் பக்கத்து வீட்டுக் குழந்தை சுவாசிக்கவும் கூடாது. 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் கெடாவும் ஒன்று. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமானும் என்பது அங்கே ஏற்பாடு. உங்கள் சந்துக்கு எந்த நாள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு, அதற்கு முந்தின இரவு மட்டும் வாசலில் வையுங்கள். கீல், கைப்பிடி, இரும்புச் சட்டம் எல்லாவற்றையும் அதற்குள் கழற்றிவிடுங்கள். நல்லவை மைலோ டின்னுக்கு, துருப்பிடித்தவை பழைய சாமான் லோரிக்கு.